கூலி கேட்காத ஜின்னும் கேலி பேசும் இயந்திரமும்

ரோபோவும் ஜின்னும் வந்து சிரிப்பு மூட்டும் கதை என்றதும், நம் சிற்றிதழ் வாசகர் 'சிறுவர் சமாச்சாரம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். இந்த மனோபாவத்தை நாங்கள் மறுக்கிறோம். சிரிப்பு வந்தாலே ஆழம் போயிற்று என்பது ரசனையல்ல, சோம்பல்.

இவ்விரண்டும் அடிப்படையில் உழைப்பைப் பற்றிய கற்பனைகள். 'ரோபோ' என்ற சொல் காரல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்தின் வழியே உலகுக்கு வந்தது. அதன் செக் மொழி மூலம் கட்டாய உழைப்பைக் குறிப்பது. ஜின் அதற்கும் மூத்த வேலையாள். குர்ஆனின் 34ஆம் அத்தியாயத்தில் ஜின்கள் சுலைமான் நபிக்காகப் பெரும் தொட்டிகளையும் அசைக்கவியலாத சமையல் பாத்திரங்களையும் செய்கின்றன. அவர் ஊன்றியிருந்த கோலைப் பூச்சி அரித்து உடல் சாயும்வரை, அவர் இறந்ததை அறியாமல் உழைத்துக்கொண்டே இருக்கின்றன.

1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை இதன் அருகே வைத்துப் பார்க்கலாம். நாடே அஞ்சி வணங்கும் தலைவர் ஜீவா, வெறும் பிம்பம். அந்தப் பிம்பத்துக்கு எதிரான சாகசத்தில் முன்நிற்பது ஜீனோ என்ற குறும்புக்கார இயந்திர நாய். இல்லாத எஜமானுக்கு அஞ்சும் சமூகத்தை இவ்வளவு எளிதாகச் சொன்ன நாவலை 'வெகுஜனத் தொடர்' என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்குவது என்ன விமர்சனம்?

ஆனால் வெகுஜனப் படைப்புகளிடமும் எங்களுக்கு வழக்கு உண்டு. 1967இல் வந்த 'பட்டணத்தில் பூதம்' முதல், குடுவையிலிருந்து வெளிவரும் பூதம் நம் ஆசையை நிறைவேற்றும் கருவியாகவே நிற்கிறது. அதற்கு என்ன வேண்டும் என்று கேட்கும் கதையை நாம் எழுதவில்லை.

எழுதுவதற்கு அனுப்பர்பாளையத்தைவிடப் பொருத்தமான களம் ஏது? இங்கே பட்டறைகளில் செம்பும் பித்தளையும் அடிபட்டுக் குடமாகின்றன. கூப்பிடு தூரத்தில் திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் இயந்திரங்கள் இரவு ஷிப்டிலும் ஓடுகின்றன. ஜின்னை அடைக்கும் பாத்திரமும் மனிதக் கையை விலக்கும் இயந்திரமும் ஒரே ஊரின் அன்றாடம். நடுவே, கூலி உயர்வு கேட்டுப் பட்டறையை விட்டு வெளியே வந்து நிற்கும் மனிதர்.

குடத்திலிருந்து வெளிவரும் ஜின் அவரைப் பார்த்து, "உங்களுக்காவது கூலி உண்டா?" என்று கேட்கட்டும். வாசகர் சிரிப்பார். பிறகு நெடுநேரம் சிரிக்க மாட்டார். அந்தக் கதையை எழுதத் துணியாத இலக்கியத்துக்குத் 'தீவிரம்' என்ற அடைமொழி எதற்கு?