வேலை கேட்பதும் வேலையைப் பற்றிக் கேட்பதும்



பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்கும் நகரிக்கும் திருப்பதிக்கும் பேருந்தேறிச் சென்று படிக்கிற மாணவர்களில் சிலர் இப்பொழுது ஒரு நல்ல வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறார்கள். தாங்கள் விரும்புகிற தொழிலில் ஏற்கெனவே இருக்கிற ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து, பதினைந்து நிமிடம் பேச அனுமதி கேட்கிறார்கள். ஆய்வகப் பணியாளராக விரும்புகிறவர் ஆய்வகத்தில் வேலை செய்கிறவரிடமும், தணிக்கையாளராக விரும்புகிறவர் தணிக்கையாளரிடமும் கேட்கிறார்கள். ஆனால் எழுதிய செய்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் வருவதில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக்கோடுகள் தெரிகின்றன, அதற்குமேல் ஒன்றுமில்லை. ஒரு மாதத்திற்குள் பிள்ளை சோர்ந்துபோய், "நமக்கெல்லாம் யார் பதில் சொல்வார்கள்?" என்று சொல்லிவிடுகிறது.

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியே இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன். அது தாழ்மையைப் போல ஒலித்தாலும் தாழ்மை அன்று. கேட்பது என்றாலே கையேந்துவது என்கிற பழைய எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பெரிய மனிதர் ஒருவரின் வாசலுக்குப் போவதென்றால் அதற்குக் காரணங்கள் மிகச் சில. ஒரு கையெழுத்து, ஒரு சிபாரிசுக் கடிதம், ஒரு வேலை. இவற்றில் ஏதாவதொன்றைப் பெறுவதற்காகவே நம் முன்னோர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திண்ணையோரம் காத்திருந்தார்கள். அந்த நினைவு நம் இரத்தத்தில் இருக்கிறது. ஆகவே நம் பிள்ளை ஒரு பொறியாளருக்கு எழுதும்போது, "ஐயா, உங்கள் வேலை எப்படிப்பட்டது?" என்று கேட்க நினைத்து உட்காருகிறது, எழுதி முடிக்கும்போதோ "ஐயா, ஏழை மாணவன், ஏதாவது உதவி செய்யுங்கள்" என்று முடிகிறது. படிக்கிறவர் இதை வேலைக்கான விண்ணப்பமாகவே எடுத்துக்கொள்கிறார். கொடுப்பதற்கு வேலை இல்லாததால் மௌனமாகிவிடுகிறார்.

வேலை கேட்பது வேறு, வேலையைப் பற்றிக் கேட்பது வேறு. இந்த வேறுபாட்டை உலகமெங்கும் பிரபலப்படுத்தியவர் ஒரு போதகர் என்பது உங்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். அமெரிக்காவில் எபிஸ்கோபல் திருச்சபையின் குருவானவராயிருந்த ரிச்சர்ட் போல்ஸ், சான்பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்தில் ஊழியஞ்செய்துகொண்டிருந்தபோது, 1968இல் நிதிப் பற்றாக்குறையால் பணியை இழந்தார். பின்னர் கல்லூரி வளாகங்களில் ஊழியஞ்செய்த போதகர்களோடு பணியாற்றும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அவர்களும் ஒருவர்பின் ஒருவராக வேலையிழந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்காக 1970இல் தாமே அச்சிட்டு வெளியிட்ட கையேடுதான் 'வாட் கலர் இஸ் யுவர் பாராசூட்?' என்ற நூல். பிற்காலத்தில் அது ஒரு கோடிப் பிரதிகளுக்குமேல் விற்றது. போல்ஸ் 2017இல் காலமானார்.

அவர் மாணவர் கையில் கொடுத்த கேள்விகள் மிக எளியவை. இந்த வேலைக்கு நீங்கள் எப்படி வந்தீர்கள்? இதில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? மிகவும் பிடிக்காதது எது? இதே ஈடுபாடுள்ள வேறு யாரை நான் சந்திக்கலாம்? இந்த நான்கில் எங்கும் யாசகம் இல்லை. நான்காவது கேள்வியைத்தான் நம் பிள்ளைகள் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அடுத்த கதவு திறப்பதோ அதனால்தான். சந்திப்பு நடந்த அன்றே நன்றி தெரிவித்து எழுத வேண்டும் என்பதிலும் போல்ஸ் கண்டிப்பாயிருந்தார். இது நாம் எளிதில் மறந்துவிடுகிற காரியம்.

கேட்பது சிறுமையன்று என்பதற்கு லூக்கா இரண்டாம் அதிகாரத்தைவிட வேறொரு சாட்சி எனக்கு வேண்டியதில்லை. பன்னிரண்டு வயது இயேசு தேவாலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்திருந்த காட்சி அது. பெரும்பாலும் நாம் அவருடைய உத்தரவுகளைப் பற்றியே பிரசங்கிக்கிறோம். லூக்காவோ அவர் செவிகொடுத்ததையும் வினவியதையும் முதலில் வைத்து, கேட்டவர்கள் வியந்ததைப் பிறகே சொல்லுகிறார்.

இனி நம் அயலூர்க்காரர் ஒருவரைப் பார்ப்போம். 1888 செப்டம்பர் 5ஆம் நாள் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளியிலும் வேலூர் ஊரீசு கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் கற்றவர். அவர் தத்துவத்தைத் தேர்ந்துகொண்டது எந்த ஆலோசனையினாலும் அன்று. குடும்பத்தில் பணமில்லை, அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம்முடைய தத்துவப் பாடநூல்களைக் கொடுத்தார். புத்தகம் இருந்த பாடமே அவர் படிக்கிற பாடமாயிற்று. அவர் பின்னாளில் குடியரசுத் தலைவரானார் என்பதால் நாம் இந்தக் கதையை மகிழ்ச்சியோடு சொல்லுகிறோம். ஆனால் உறவினரின் பழைய புத்தகம் பொருந்தாமற்போனவர்கள் எத்தனை பேர்! அவர்களுடைய வாழ்க்கை வரலாற்றை எவரும் எழுதவில்லை. அண்ணன் படித்தான், மாமா சொன்னார், பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்தது என்று பாடம் தேர்கிற வழக்கம் நம்மிடையே இன்னும் ஓயவில்லை. அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் பல வழிகளை எடுத்துக்காட்டுகிறது, உண்மைதான். ஆயினும் ஒரு வேலையின் சலிப்பு எப்படியிருக்கும் என்பதை எந்த இணையதளமும் சொல்லாது. அதை அந்த வேலையைச் செய்கிற மனிதர்தான் சொல்ல முடியும்.

மௌனத்தைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் சோர்வு பிறக்கிற இடம் அதுவே. நீங்கள் எழுதியது மார்ச் மாதத்தின் கடைசி வாரமாயிருந்து, எழுதப்பட்டவர் வங்கி மேலாளராயிருந்தால், அவர் சாப்பிடவே நேரமின்றி இருந்திருப்பார். வருமானவரிக் கணக்குக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. அதற்கு முந்தின வாரங்களில் தணிக்கையாளரைத் தேடுவது வீண். டெங்குக் காய்ச்சல் பரவுகிற மழைக்காலத்தில் அரசு மருத்துவரிடம் பதினைந்து நிமிடம் கேட்பது அவருக்கும் பாரம், வரிசையில் நிற்கிற நோயாளிக்கும் பாரம். தீபாவளிக்கு முன்பு விசைத்தறி உரிமையாளர் கண்ணில் அகப்படமாட்டார். ஆடிக்கிருத்திகை வாரத்தில் திருத்தணிக் காவல்துறை அதிகாரியையோ போக்குவரத்துக் கழகப் பணிமனை மேலாளரையோ பேசவைத்தால் அது அற்புதம்தான். வழக்கறிஞரை மே மாத நீதிமன்ற விடுமுறையில் அணுகிப் பாருங்கள். வேறொரு மனிதரைப் போல இருப்பார். ஆகையால் பதில் வராத செய்தியைப் பார்த்து "நான் தகுதியற்றவன்" என்று தீர்மானிக்குமுன், நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை, நான்கே வரியில், மரியாதையாக நினைவூட்டுங்கள். அதற்கும் பதிலில்லையானால் அவரை ஆசீர்வதித்துவிட்டு அடுத்தவரிடம் செல்லுங்கள்.

அடுத்தவர் யார்? இங்கே பலர் தவறான திசையில் பார்க்கிறார்கள். ஒன்று, லிங்க்டுஇன்னில் பெங்களூரு நிறுவனத் தலைவருக்கு எழுதுகிறார்கள். அல்லது நெருங்கிய நண்பனிடம் கேட்கிறார்கள். நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்ததே. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கமானவர் மூலம் வேலை கிடைத்தவர்களை விசாரித்தபோது, தகவல் சொன்னவரை அடிக்கடி சந்தித்துவந்ததாகக் கூறியவர் ஏறக்குறைய ஆறில் ஒருவர் மட்டுமே. மற்றவர்களுக்கு வழிகாட்டியவர்கள் எப்போதாவது பார்க்கிற மனிதர்கள். அத்தைமகளின் கணவரோடு வேலை செய்கிறவர், அம்மா மருந்து வாங்குகிற கடைக்காரரின் மகள் போன்றவர்களே அவர்கள்.

இந்த விஷயத்தில் பள்ளிப்பட்டுப் பிள்ளைகளுக்குப் பெருநகரப் பிள்ளைகளுக்கில்லாத ஒரு செல்வம் உண்டு. இந்தப் பகுதி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை மாறினாலும் உறவுகள் மாறவில்லை. வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாக வளர்ந்த பிள்ளை, திருப்பதி மருத்துவமனையிலும் ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளிலும் ஒருவரை அவருடைய மொழியிலேயே விசாரிக்கலாம். ஸ்ரீபெரும்புதூரிலும் வேலூரிலும் தமிழில் விசாரிக்கலாம். "எங்கள் ஊரில் என்ன இருக்கிறது?" என்று முறையிடுகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அறிமுகமில்லாதவரை அவருடைய அலுவலகத்தில், அலுவலக நேரத்தில், வீட்டிலுள்ளவருக்குச் சொல்லிவிட்டு மட்டும் சந்தியுங்கள்; தொலைபேசியில் பேசினாலும் போதும். பணம் கேட்கிறவர் எவராயிருந்தாலும் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

கடைசியாகப் பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம். நம் சபைகளில் செவிலியர் இருக்கிறார்கள், ஆசிரியர் இருக்கிறார்கள், மின்வாரியத்திலும் வங்கியிலும் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்காக ஜெபிக்கச் சொன்னால் நாம் உடனே எழுந்து நிற்கிறோம். அதே பிள்ளை ஒரு கேள்வியோடு வந்தால், "முதலில் நன்றாகப் படி" என்று தோளில் தட்டி அனுப்பிவிடுகிறோம். உங்கள் வேலையில் மனம் கசந்த நாளைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளைக்கு அதுவும் தேவை. வரும் ஞாயிறு ஆராதனை முடிந்தபின், ஆலயத்தின் பின்புறம் வேப்பமரத்தடியில் பத்து நாற்காலிகள் போடச் சொல்லியிருக்கிறேன். பெரியவர்கள் அரைமணி நேரம் அங்கே உட்காரட்டும். பிள்ளைகள் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரட்டும்.