மூணு மணி பைக்

பாண்டிச்சேரியில் குடியிருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. சொந்தக்காரர்களைத் தேடி நாம் போகவே வேண்டாம். அவர்களே வந்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி போன் வரும். "மாப்ளே, சும்மா உன்னைப் பார்த்துட்டுப் போகலாம்னுதான் வர்றோம்" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்புவதற்குள் என்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிடுவார்கள்!

குருசுக்குப்பத்தில் ஏழு வருஷம் இருந்தோம். சனிக்கிழமை வந்தால் எங்கள் தெருவில் நடக்க முடியாது. மஞ்சள் சுவரைப் பார்த்தால் நின்று போட்டோ, ஜன்னலைப் பார்த்தால் நின்று போட்டோ. ஒரு தடவை லுங்கியோடு வாசலில் பால் பாக்கெட் எடுக்கக் குனிந்தேன். "அங்கிள், கொஞ்சம் நகருங்க... ஃப்ரேம்ல வர்றீங்க" என்றது ஒரு பெண். என் வீட்டு வாசல் சார் அது! வாடகை நான்தான் கொடுக்கிறேன்!

அந்த வாடகைக்கும் வந்தது வேட்டு. ஹவுஸ் ஓனர் ஒருநாள் வீட்டுக்கே வந்தார். காபி குடித்தார். "தம்பி, நீங்க நல்ல மனுஷன். ஆனா பாருங்க, நீங்க மாசம் பூரா இருந்து குடுக்கறதை, வெளியூர்க்காரங்க நாலு சனி, ஞாயித்துல குடுத்துட்டுப் போயிடறாங்க. வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கலாம்னு இருக்கேன்" என்றார். காபி நன்றாக இருந்தது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

காமர்ஸ் படித்தவன் என்பதால் கோபப்பட முடியவில்லை. கணக்கு அவர் பக்கம் சரியாக இருந்தது.

"கூட்டமே இல்லாத ஊருக்குப் போயிடலாங்க. எழுதறதுக்கு எந்த ஊரா இருந்தா என்ன?" என்றாள் மனைவி. தேடினோம். கிடைத்தது தரங்கம்பாடி. பாண்டியிலிருந்து தெற்கே கடலூர், சிதம்பரம், சீர்காழி, திருக்கடையூர் தாண்டினால் வரும். அதே வங்காள விரிகுடாதான். கூட்டம் மட்டும் இல்லை.

எழுதிப் பிழைக்கிறவனுக்கு ராசியான ஊர் என்றும் மனசுக்குள் ஒரு நப்பாசை. ஜெர்மனியிலிருந்து 1706-இல் சீகன்பால்கு வந்து இறங்கி, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தது இங்கேதான். அந்த மண்ணில் உட்கார்ந்தால் எனக்கும் நாலு பக்கம் ஓடாதா?

வாடகைக் குடித்தனத்துக்கும் இது பழைய ஊர். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் 1620-இல் வருஷக் குத்தகை பேசி, டேன்ஸ்போர்க் கோட்டை கட்டிக் குடியேறியவர்கள் டென்மார்க்காரர்கள். 225 வருஷம் இருந்தார்கள். 1845-இல் செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு வெள்ளைக்காரக் கம்பெனிக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். குடித்தனம் வந்தவன் வீட்டையே விற்றுவிட்டான்! ஹவுஸ் ஓனர்கள் பதினோரு மாசத்துக்கு மேல் ஏன் அக்ரிமெண்ட் போடுவதில்லை என்று இப்போது புரிகிறதா?

சாமான்களை இறக்கிய ஒரு மணி நேரத்தில் நாலு பேர் விசாரித்துவிட்டார்கள். எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளைங்க, ஏன் இல்லை. பாண்டியில் ஏழு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்விகள். வண்டி நம்பர் பிளேட்டில் 'பிஒய்' என்று இருந்ததைப் பார்த்து ஓர் இளைஞர் மட்டும் கிட்டே வந்து, "அண்ணே, ஏதாவது கொண்டாந்தீங்களா?" என்று கண்ணடித்தார். இல்லை என்றதும், "பரவால்லண்ணே, காரைக்கால் பக்கத்துலதான்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் ராத்திரி தூக்கம் வரவில்லை. ஹார்ன் இல்லை, பாட்டு இல்லை, 'ஹேப்பி பர்த்டே' கூச்சல் இல்லை. அலைச் சத்தம் மட்டும். 'பாடும் அலைகளின் ஊர்' என்று பெயருக்கு அர்த்தம் சொல்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு மனைவி எழுந்து உட்கார்ந்து, "ஏங்க, யார்கிட்டயாவது சொல்லி அதைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்களேன்" என்றாள்.

ஒரு வாரத்தில் பழகிவிட்டது. சாயங்காலம் கோட்டைப் பக்கம் நடப்போம். கரையோரம் மாசிலாமணி நாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-வாக்கில் கட்டியது. முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. 'அப்பாடா, சொர்க்கம்' என்றிருந்தேன்.

சொர்க்கத்தில் ஒரே ஒரு குறை. விடியற்காலை மூணு மணிக்கு ஒரு பைக் வரும். சைலன்சர் என்பது அதற்கு முன் ஜென்மத்தில் இருந்திருக்கலாம். தெருக்கோடியில் ஆரம்பித்து, என் காதுக்குள் புகுந்து, கடற்கரைப் பக்கம் போய் அடங்கும். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் கோவிந்தா!

பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள் முனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஆயாவிடம் முறையிட்டேன்.

"ஆயா, அமைதிக்காகத்தான் பாண்டியை விட்டே வந்தோம். யார் ஆயா அந்த பைக்? கொஞ்சம் சொல்லி வைக்கக் கூடாதா?"

ஆயா இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தது.

"அது எம் பேரன் தம்பி. போட்டுக்குப் போறான்."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "இல்ல ஆயா... ராத்திரி எங்கேருந்து..."

"பொறையார்லேருந்து வர்றான். தையில கல்யாணம் ஆச்சு. இங்கேயே நாலாயிரத்துக்கு ஒரு வீடு பேசி வச்சிருந்தான். அதுக்குள்ள வேற ஆள் ஏழாயிரம் தர்றேன்னாங்களாம். வீட்டுக்காரரு மெட்ராஸ்லேருந்து போன்லயே முடிச்சுட்டாரு."

"எந்த வீடு ஆயா?"

கேட்டிருக்கவே கூடாது.

"நீங்க இருக்கறதுதான்" என்றது ஆயா. குரலில் கோபமே இல்லை. தட்டில் நாலு இட்லி வைத்து சாம்பார் ஊற்றியது. "சாப்புடு தம்பி, ஆறிடும்."

தொண்டையில் இறங்கவில்லை சார். ஏழாயிரம் என்றதும் பாண்டி வாடகையில் பாதிகூட இல்லையே என்று பேரமே பேசாமல் சரி சொன்ன மகராசன் நான்தான். குருசுக்குப்பத்தில் என்னைக் கிளப்பியவன் மேல் எனக்கு எத்தனை எரிச்சல்! 'காசு இருந்தா எதுவும் பண்ணலாமா?' என்று எத்தனை பேரிடம் புலம்பியிருக்கிறேன்! கடைசியில் நானும் அதே வெளியூர்க்காரன். என்ன, சனி ஞாயிறோடு கிளம்பாமல் மாசம் முழுக்க இருக்கிறேன்.

பி.காம். முதல் வருஷத்தில் ஒரு விதி சொல்லித் தருவார்கள். உள்ளே வருவதைப் பற்றில் எழுது, வெளியே போவதை வரவில் எழுது. ஒவ்வொரு பற்றுக்கும் எங்கேயோ ஒரு வரவு இருந்தே தீரும். பரீட்சைக்காக உருப்போட்டேன். அர்த்தம் இட்லிக் கடையில்தான் புரிந்தது. எனக்கு உள்ளே வந்த அமைதி, எவன் வீட்டிலிருந்தோ வெளியே போனது.

கொஞ்ச நேரம் கழித்து ஆயாவே பேசியது. "சத்தமில்லாத ஊருங்கறியே தம்பி, ஏன்னு தெரியுமா? சத்தம் போடற வயசுப் புள்ளைங்க பாதிப் பேரு துபாய்லயும் திருப்பூர்லயும் இருக்கானுங்க. சுனாமிக்கப்புறம் கரையோரமா இருக்கவே பயந்து உள்ள போனவங்க பாக்கி. ரயிலு ஓடிக்கிட்டிருந்துச்சு, அதையும் நிறுத்திட்டாங்க. இவன் ஒருத்தன்தான் போக மாட்டேன்னு நிக்கிறான்."

மாயவரத்திலிருந்து 1926 முதல் இங்கே ரயில் ஓடியது. 1980-களில் நின்றுபோனது. 2004 டிசம்பர் 26-ஐப் பற்றி இந்த ஊரில் நாமாகக் கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

மனைவியிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அக்ரிமெண்ட் இன்னும் எத்தனை மாசங்க?" என்றாள்.

"ஒன்பது."

"முடிஞ்சதும் புதுப்பிக்க வேணாம். வீட்டுக்காரர்கிட்ட, 'நாலாயிரமானாலும் ஊர்க்காரங்களுக்குக் குடுங்க'ன்னு நீங்களே பேசுங்க. நாம பொறையார்லயே பார்த்துக்கலாம். நமக்கென்ன, மூணு மணிக்குக் கடலுக்கா போகணும்?"

வீட்டுக்காரர் ஒத்துக்கொள்வாரா? அவருக்கும் கணக்குத் தெரியுமே! ஆனாலும் கேட்கப் போகிறேன். என் சர்வீஸில் வாடகையைக் குறைத்து இன்னொருத்தனுக்குக் கொடு என்று கேட்கும் முதல் குடித்தனக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பைக் வரவில்லை. நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும் இல்லையா? சரியாக மூணு மணிக்கு விழிப்பு வந்தது. தெரு காலியாகக் கிடந்தது. 'பையன் வேறு வேலை தேடி எங்கேயாவது கிளம்பிவிட்டானோ?' என்று ஒரு பயம். ஜூன் 15 விடியற்காலை, தெருக்கோடியில் அந்த ஓட்டை சைலன்சர் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நிம்மதியாகப் புரண்டு படுத்தேன்.

போன வெள்ளிக்கிழமை பாண்டியிலிருந்து பழைய நண்பன் போன் பண்ணினான்.

"மச்சான், இங்கே ஒரே கூட்டம்டா. உங்க ஊரு ரொம்ப அமைதியாமே? பத்துப் பேர் கிளம்பி வர்றோம். நல்ல வீடா ஒண்ணு பிடிச்சு வை. காசு பிரச்னையில்ல!"

"அமைதியா? யார்றா சொன்னது?" என்றேன். "ராவும் பகலும் அலைச் சத்தம். போதாக்குறைக்கு மூணு மணிக்கு ஒரு பைக் வரும் பாரு... மனுஷன் தூங்கவே முடியாது!"