வெஸ்ட்வுட்டின் மூன்று ஆண்டுகள்

2024 மார்ச் 26, குவாஹாத்தி. சுனில் சேத்ரி இந்தியாவுக்காக ஆடும் 150ஆவது பன்னாட்டு ஆட்டம். முதற்பாதியில் கிடைத்த பெனால்டியைக் கோலாக்கியவரும் அவரே. எதிரே நின்ற ஆப்கானிஸ்தான் அணி உலகத் தரவரிசையில் 158ஆம் இடத்தில் இருந்தது. இந்தியா 117ஆம் இடத்தில். போதாததற்கு, தம் நாட்டுக் கூட்டமைப்போடு மூண்ட பிணக்கால் முன்னணி வீரர்கள் பலர் ஆட மறுத்துவிட, எஞ்சியவர்களையும் புதியவர்களையும் கொண்டு திரட்டிய அணி அது. எழுபதாம் நிமிடம் வரை இந்தியாவின் கையிலிருந்த அந்த ஆட்டம் 1-2 என்று முடிந்தது.

2025 ஜூன் 10, ஹாங்காங்கின் புதிய காய் தாக் அரங்கம். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். இந்தியாவைவிடத் தரவரிசையில் கீழே இருந்த ஹாங்காங், கூடுதல் நேரத்தில் கிடைத்த பெனால்டியால் 1-0 என வென்றது. அதற்கு முன்பே, முதற்பாதியில், ஆஷிக் குருணியன் கோல்முனையில் கிட்டிய அருமையான வாய்ப்பை வெளியே அடித்திருந்தார். ஓய்விலிருந்து திரும்பியிருந்த சேத்ரி அன்றும் களமிறங்கினார்.

இரு நாளும் எதிரணியின் ஓரக்கோட்டில் நின்றவர் ஒருவரே. பெங்களூரு எஃப்சி அணியின் முதல் தலைமைப் பயிற்சியாளர் ஆஷ்லி வெஸ்ட்வுட். அந்த அணியில் அவருக்குத் தலைவனாக ஆடியவர் சேத்ரி.

பதினைந்து மாத இடைவெளியில் இரு முறை ஒரே ஆளிடம் தோற்றபின், 'இவரையே இந்தியாவுக்குக் கொண்டுவந்திருக்கலாமே' என்ற பேச்சு எழுந்தது இயல்பு. தோல்விக்குப் பயிற்சியாளரை மாற்றுவதே மருந்து என்று பழகிப்போன நாட்டில் வேறு எந்தப் பேச்சு எழும்? ஆனால் வெஸ்ட்வுட்டின் வாழ்க்கையைச் சற்று நின்று பார்த்தால், அது அந்தப் பேச்சுக்கு வலுச் சேர்ப்பதாக இல்லை. அவர் எங்கே வென்றார், எங்கே வெல்லவில்லை என்ற இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

1976இல் இங்கிலாந்தில் பிறந்தவர். மான்செஸ்டர் யுனைடெட்டின் இளையோர் அணியில் வளர்ந்து, முதன்மை அணிக்குள் இடம் கிடைக்காமல் குரூ அலெக்சாண்ட்ராவுக்குப் போனார். பிராட்போர்டு சிட்டி, ஷெஃபீல்டு வென்ஸ்டே, பிறகு இன்னும் கீழே உள்ள பிரிவுகள் என்று தற்காப்பு வீரராகக் காலம் கழிந்தது. புகழ்பெற்ற பெயர் அல்ல. அவர் பெயரிலேயே இன்னொரு ஆஷ்லி வெஸ்ட்வுட் பிரீமியர் லீக்கில் ஆடியதால் இணையத்தில் தேடுவோர் இன்றும் குழம்புவதுண்டு. ஓய்வுக்குப் பின் மைக்கேல் ஆப்பில்டனின் உதவியாளராகச் சில கழகங்களில் இருந்தார். கடைசியாக இருந்த பிளாக்பர்ன் ரோவர்ஸ், புனேயின் கோழிப்பண்ணை நிறுவனமான வெங்கீஸுக்குச் சொந்தமானது. 2013 மார்ச்சில், பொறுப்பேற்ற 67ஆம் நாளில் ஆப்பில்டன் நீக்கப்பட்டார். இந்திய முதலாளிகளிடம் நேர்ந்த அந்தக் கசப்புக்குப் பிறகும் அதே ஆண்டில் இந்தியாவிலேயே வேலைக்கு வந்தவர் வெஸ்ட்வுட் என்பது வேடிக்கைதான். வயது 36.

அவர் வந்திறங்கிய பெங்களூரு கால்பந்து தெரியாத ஊர் அல்ல. 1937இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி ரோவர்ஸ் கோப்பையை வென்று, மறு ஆண்டும் தக்கவைத்தது. மைசூர் மாநில அணி 1946-47, 1952-53, 1967-68, 1968-69 ஆகிய பருவங்களில் சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. ஐடிஐ, எச்ஏஎல் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் வேலையும் கொடுத்து அணியும் நடத்தின. தமிழ்க் குடும்பங்கள் செறிந்த அல்சூர்ப் பக்கத்துக் கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். பிரேசில் தோற்றால் துக்கம் காக்கும் தெருக்கள் அவை. ஆயினும் 1968-69க்குப் பிறகு மாநில அணி மீண்டும் அந்தக் கோப்பையைத் தொட 2022-23 வரை, ஏறத்தாழ 54 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. எச்ஏஎல் அணியும் ஐ-லீக்கிலிருந்து கீழிறங்கியது. ஆட்டத்தின் மீது காதல் இருந்தது. அதைத் தாங்கும் கூரை ஒவ்வொரு ஓடாகக் கழன்றுகொண்டிருந்தது.

2013 ஜூலையில் ஜேஎஸ்டபிள்யூ குழுமம் தொடங்கிய பெங்களூரு எஃப்சி, செப்டம்பர் 22 அன்று அசோக் நகர் கால்பந்து அரங்கில் மோகன் பகானுடன் 1-1 என்று கணக்கைத் தொடங்கியது. 2014 ஏப்ரல் 21 அன்று கோவாவில் டெம்போவை 4-2 என வென்று, ஆடிய முதல் பருவத்திலேயே ஐ-லீக் பட்டத்தைச் சூடியது. 24 ஆட்டங்களில் 47 புள்ளிகள். அடுத்த பருவத்தில் பெடரேஷன் கோப்பை. அதற்கடுத்த பருவத்தில் மீண்டும் ஐ-லீக். மூன்று ஆண்டுகளில் மூன்று பெருங்கோப்பைகள்.

எப்படி நடந்தது என்று கேட்டால் இரகசியம் எதுவும் அகப்படுவதில்லை. வீரர்கள் என்ன உண்கிறார்கள், எத்தனை மணி நேரம் உறங்குகிறார்கள், எடையும் கொழுப்பும் எவ்வளவு, ஆட்டம் முடிந்த மறுநாள் உடல் எப்படி மீள்கிறது என்பன பயிற்சியின் பகுதியாயின. உடற்பயிற்சிக்குத் தனி வல்லுநர் இருந்தார். எதிரணியின் ஆட்டப் பதிவுகளைப் போட்டுப் பார்ப்பது அன்றாட வேலை ஆனது. கார்னர்களும் ஃப்ரீகிக்குகளும் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்கப்பட்டன. பயிற்சிக்கு நேரத்துக்கு வருவது வேண்டுகோளாக இல்லாமல் விதியாக இருந்தது. இவை அனைத்தும் ஐரோப்பாவின் மூன்றாம் பிரிவுக் கழகத்தில்கூட யாரும் பேச எடுத்துக்கொள்ளாத சாதாரணங்கள். இங்கே அவை புதுமையாகத் தோன்றின என்பதுதான் அன்றைய இந்தியக் கால்பந்தின் நிலை.

தமிழில் 'பயில்' என்னும் வினைக்கு இரு பொருள் உண்டு. கற்றுத் தேர்தல் என்பது ஒன்று. ஓரிடத்தில் அடிக்கடி வழங்குதல், தங்கிப் பழகுதல் என்பது மற்றொன்று. 'பயிற்சி' என்றதும் இன்று முதற்பொருளே மனத்துக்கு வருகிறது: யாரோ ஒருவர் சொல்லிக்கொடுக்க, இன்னொருவர் கற்கிறார். வெஸ்ட்வுட் செய்தது இரண்டாம் பொருளுக்கு அண்மையானது. செவ்வாய்க்கிழமை செய்ததைப் புதனன்றும் செய்வது. வென்ற வாரத்தில் செய்ததையே தோற்ற வாரத்திலும் செய்வது.

அதன் பயனுக்குச் சான்று வேண்டுமெனில் சேத்ரியைத் தேட வேண்டாம். அவர் எங்கும் ஒளிர்ந்திருப்பார். யூஜென்சன் லிங்டோவைப் பார்க்கலாம். ஷில்லாங்கிலிருந்து வந்து 2014இல் பெங்களூரில் சேர்ந்த நடுக்கள வீரர். இந்திய அணிக்காக முதன்முதலில் ஆடியபோது அவருக்கு வயது 28. பல வீரர்கள் உச்சத்தைக் கடந்துவிடும் வயது. அதே 2015ஆம் ஆண்டின் சிறந்த இந்திய வீரர் என்னும் விருதும் அவருக்கே வந்தது. இருபத்தெட்டு வயது வரை அவரிடம் இல்லாத திறமை ஒரே பருவத்தில் முளைத்துவிடவில்லை. இருந்த திறமைக்கு வாரம்தோறும் தக்க உடலும் தக்க இடமும் வாய்த்தன.

இந்த ஆட்டமுறையில் அழகில்லை என்ற குறை அப்போதே உண்டு. உடல்வலு மிகுதி, உயரப் பந்து மிகுதி, கார்னரையே நம்பும் அணி என்றார்கள். குறையில் உண்மை உண்டு. பின்னர் வந்த ஆல்பர்ட் ரோக்காவின் அணி பந்தைத் தன்வசம் வைத்து ஆடியபோது கண்டீரவா அரங்கின் மேற்குப் பகுதி அதை வேறொரு மகிழ்ச்சியோடு பார்த்தது. தவிர, வெஸ்ட்வுட்டின் ஆயுதமே அவரைத் திருப்பித் தாக்கிய நாளும் உண்டு. 2015 மே 31 அன்று, மழை நனைத்த கண்டீரவாவில், பட்டத்துக்கு வெற்றி தேவைப்பட்ட பெங்களூரு, ஜான் ஜான்சனின் கோலால் முன்னிலையில் இருந்தது. சமன் செய்தாலே பட்டம் என்ற நிலையில் இருந்த மோகன் பகானுக்கு, ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் ஒரு கார்னர் கிடைத்தது. பெல்லோ ரசாக் தலையால் முட்டிய பந்து வலைக்குள் போனது. தற்காப்பு வீரராகவே வாழ்ந்த ஒரு பயிற்சியாளருக்கு அதைவிடக் கொடிய முடிவு இருந்திருக்க முடியாது. மறு பருவத்தில் அதே பட்டத்தை அதே அரங்கில் அவர் மீட்டார்.

2016 மே மாதம் ஆசியக் கூட்டமைப்புக் கோப்பையின் வெளியேற்றச் சுற்றில் கிட்சி அணியை ஹாங்காங்கிலேயே 3-2 என வென்றதோடு அவருடைய பெங்களூர்க் காலம் முடிந்தது. அந்தக் கோப்பையின் இறுதியாட்டம் வரை அணியைக் கொண்டுசென்ற முதல் இந்தியக் கழகப் பயிற்சியாளர் என்ற பெயர் ரோக்காவுக்குப் போனது. தோஹாவில் நடந்த அந்த இறுதியில் ஈராக்கின் அல்-குவா அல்-ஜாவியாவிடம் 0-1 எனத் தோற்றது பெங்களூரு. ரோக்காவின் உதவியாளராக இருந்த கார்லஸ் குவாத்ராத் பிறகு தலைமைப் பொறுப்பேற்று 2018-19இல் ஐஎஸ்எல் பட்டம் வென்றார். அந்த இறுதியாட்டத்தை முடித்துவைத்தது என்ன தெரியுமா? கூடுதல் நேரத்தின் 117ஆம் நிமிடத்தில் ஒரு கார்னர். ராகுல் பேக்கேயின் தலை. ஆங்கிலேயர் போனார், ஸ்பானியர் வந்தனர், ஆட்டமுறை மாறியது. ஆனால் கழகத்தின் அன்றாடம் மாறவில்லை.

வெஸ்ட்வுட் மட்டும் தனியே போன இடங்களில் என்ன ஆயிற்று? மலேசியாவின் பினாங்கு அணியில் 2017இல் சேர்ந்தவர் சில மாதங்களிலேயே வெளியேறினார். 2018இல் கொல்கத்தாவின் ஏடிகே அணியில் இடைக்காலப் பொறுப்பேற்றது குறுகிய, மகிழ்ச்சியற்ற அத்தியாயம். அதே மனிதர், அதே கொள்கை, அதே உணவுப் பட்டியல் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். கொள்கைக்கு வேரூன்ற மண்ணோ காலமோ அங்கே கிடைக்கவில்லை.

'குறைந்த நாட்களில் ஆப்கானிஸ்தானையும் ஹாங்காங்கையும் வைத்து இந்தியாவை வென்றாரே' என்று கேட்கலாம். வென்றார். இந்திய வீரர்களின் பழக்கங்களை மூன்று ஆண்டுகள் அருகிருந்து அறிந்தவர், ஓர் ஆட்டத்துக்கு வேண்டிய திட்டத்தைச் சில நாட்களில் வகுத்துவிட முடியும். ஆனால் ஓர் ஆட்டம் வேறு, ஒரு தகுதிச்சுற்று வேறு. குவாஹாத்தியில் வென்ற அந்த ஆப்கானிஸ்தான், இந்தியாவுக்குச் சமமாக 5 புள்ளிகள் எடுத்தும் கோல் வேறுபாட்டில் பிரிவின் கடைசி இடத்தில் முடிந்தது. ஹாங்காங்கும் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. 2025 நவம்பரில் அதே காய் தாக் அரங்கில் சிங்கப்பூர் 2-1 என வென்று அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. இந்தியாவை வீழ்த்தியதை வைத்து அவரை மந்திரவாதி ஆக்குவோர் இந்த இரண்டு முடிவுகளையும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

தேசிய அணியின் பயிற்சியாளருக்குக் கிடைப்பது ஆண்டில் சில இடைவெளிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து நாள். அந்தப் பத்து நாளில் அவர் யாருடைய உறக்கத்தையும் திருத்த முடியாது. வருகிற உடலோடுதான் ஆட வேண்டும். ஐந்தாண்டு இருந்த இகோர் ஸ்டிமாச் 2024 ஜூனில் நீக்கப்பட்டார். அடுத்து வந்த மனோலோ மார்க்கஸ், கோவா அணியின் பொறுப்பையும் சேர்த்தே சுமந்து, எட்டு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றியோடு 2025 ஜூலையில் விலகினார். ஆகஸ்டில் காலித் ஜமீல் வந்தார். கேள்வி ஒவ்வொரு முறையும் 'யார்' என்பதாகவே இருக்கிறது. வீரர்கள் ஆண்டின் மீதி முந்நூறு நாளை எங்கே, யாருடைய மேற்பார்வையில், எந்தக் களத்தில் கழிக்கிறார்கள் என்பதை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கேட்டதாகத் தெரியவில்லை. அதைக் கேட்டிருந்தால், ஐஎஸ்எல் போட்டியை நடத்தும் உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிகிறது என்று பல ஆண்டுகளாகத் தெரிந்திருந்தும், கடைசி மாதங்கள் வரை அதைப் புதுப்பிக்காமல் விட்டிருக்காது.

விளைவு விரைவில் தெரிந்தது. 2025 ஜூலையில் ஐஎஸ்எல் பருவம் காலவரையின்றி நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டு முதல் வாரத்தில் பெங்களூரு எஃப்சி, தன் முதன்மை அணி வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், வீரனின் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதைக்கூட எண்ணிப் பார்த்த கழகம் அது. சம்பளம் நின்ற மாதத்தில் ஒரு வீரன் வீட்டு வாடகையை எண்ணுவானா, கொழுப்பின் அளவை எண்ணுவானா? உடற்பயிற்சி வல்லுநர், உடலியக்க மருத்துவர், ஆட்டப் பதிவைப் பிரித்துக் காட்டுபவர் என்று ஓர் அணியின் வாரத்தைக் கட்டியெழுப்பும் மனிதர்கள் அனைவரும் அந்த அறிவிப்புக்குள் அடக்கம். காலித் ஜமீல் இந்திய அணியின் பொறுப்பை ஏற்றதும் அதே மாதத்தில்தான்.