ஹெல்மெட்டுக்கு 4 லட்சம் டாலர், தலைக்கு எவ்வளவு?

இந்தப் பதிவு கொஞ்சம் சூடாத்தான் இருக்கும். பிபி உள்ளவங்க இப்பவே நகர்ந்துடலாம், தப்பா நினைக்க மாட்டேன்.

சிங்கப்பூர் எஃப்-35 வாங்குது. 2020-ல் 4 எஃப்-35பி, 2023-ல் இன்னொரு 8, 2024 பிப்ரவரியில் அறிவிச்ச 8 எஃப்-35ஏ. ஆக மொத்தம் 20. இந்த 20-ஐ வச்சுக்கிட்டு நம்ம ஆளுங்க ஆடுற ஆட்டம் தாங்கல. அவன்கிட்ட எத்தனை, இவன்கிட்ட எத்தனைன்னு ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஒப்பிட்டு விசில் அடிக்கிறாங்க. அதே வாய் அடுத்த நிமிஷம் என்ன சொல்லுதுன்னு கேளுங்க: "பைலட்டுகளை ஆஸ்திரேலியா, பிரான்ஸ், அமெரிக்கான்னு ஊர் ஊரா அனுப்பி எதுக்குக் காசைக் கரியாக்கணும்? இது புதுத் தலைமுறை விமானம், தானாவே பறக்கும். இங்கேயே சிமுலேட்டர்ல உக்கார வச்சுப் பழக்கினாப் போதாதா?"

போதாது சாமி. ஏன் போதாதுன்னு வரிசையா சொல்றேன்.

முதல்ல ஊரோட அளவு. சிங்கப்பூர் கிழக்கு மேற்கா சுமார் 50 கி.மீ., வடக்கு தெற்கா அதுல பாதி. மணிக்கு 900 கி.மீ. வேகத்துல போற ஜெட்டுக்கு நிமிஷத்துக்கு 15 கி.மீ. அப்ப மொத்த நாடும் மூணரை நிமிஷம். ஈசூன்ல இருந்து பிடோக்குக்கு பஸ்ல போற நேரத்துல இவன் நாட்டை எத்தனை தடவை சுத்தி வந்திருப்பான்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. அந்த மூணரை நிமிஷ வானத்துலதான் சாங்கி விமான நிலையத்துக்கு வர்ற, போற பயணிகள் விமானம் எல்லாமும் பறந்தாகணும். இதுல எங்க போய் சண்டைப் பயிற்சி?

பக்கத்து வீட்டு வானத்தைக் கேட்டு வாங்கலாமேன்னு சொல்றவங்க கொஞ்சம் பின்னாடி திரும்பிப் பாருங்க. 1998 செப்டம்பர்ல மலேசியா தன் வான்வெளிக்குள்ள சிங்கப்பூர் ராணுவ விமானங்கள் வர்றதுக்குக் கொடுத்திருந்த அனுமதியை திரும்ப வாங்கிடுச்சு. 2018 கடைசியில சிலேத்தார் விமான நிலையத்தோட தரையிறங்கும் முறையை வச்சு பாசிர் கூடாங் வானத்துல பஞ்சாயத்து ஆரம்பிச்சு, 2019 ஏப்ரல்லதான் ரெண்டு பக்கமும் இறங்கி வந்தாங்க. இந்தோனேசியாவோட வான்வெளி எல்லை, ராணுவப் பயிற்சி ஒப்பந்தங்கள் 2022 ஜனவரியில கையெழுத்தாகி, நடைமுறைக்கு வர 2024 மார்ச் ஆச்சு. வானத்துக்கும் வாடகை உண்டு, வீட்டுக்காரர் மனசும் மாறும்.

அதனாலதான் 1993-ல் இருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் பியர்ஸ் தளத்துல அடிப்படைப் பயிற்சி. 1998-ல் இருந்து பிரான்ஸின் கஸோவுல ஜெட் பயிற்சி, இப்ப எம்-346 விமானத்துல. அமெரிக்காவுல 1993-ல் இருந்து அரிசோனாவில் எஃப்-16, 2009-ல் இருந்து ஐடஹோவில் எஃப்-15. இது உல்லாசப் பயணம் இல்லைங்க. ஓடிப் பழக வீட்டுல இடம் இல்லாதவன் ஊர் மைதானத்துக்குப் போற கதை.

ரெண்டாவது, இருக்கை. எஃப்-16-ல ரெண்டு இருக்கை வகை உண்டு. பின்னாடி வாத்தியார் உக்காந்திருப்பார், பையன் சொதப்பினா கையைப் போட்டுக் காப்பாத்துவார். எஃப்-35-ல ரெண்டு இருக்கை வகையே கிடையாது. ஏ, பி, சி மூணுமே ஒத்தை ஆள் வண்டி. அதாவது அந்த விமானத்துல ஒரு பைலட் ஏறுற முதல் தடவையே தனியாத்தான் ஏறணும். கார் ஓட்டக் கத்துக்கிறப்ப பக்கத்துல வாத்தியார் இல்லாம, முதல் நாளே பிஐஇ நெடுஞ்சாலையில விட்டா எப்படி இருக்கும்? அப்ப அந்த முதல் நாளுக்கு முன்னாடி அவன் வேற ஜெட்டுல எத்தனை மணி நேரம் பறந்திருக்கணும்? கஸோவுல செலவாகுற ஒவ்வொரு வெள்ளியும் இந்தக் கேள்விக்குத்தான் போகுது.

மூணாவது, "தானாப் பறக்கும்". ஆமா, பறக்கும்தான். 2023 செப்டம்பர்ல அமெரிக்காவின் தெற்கு கரோலினாவுல ஒரு எஃப்-35பி பறந்துச்சு பாருங்க! மோசமான வானிலை, மின்சாரக் கோளாறு, ஹெல்மெட்டுல தெரியற திரை மக்கர். அனுபவசாலி பைலட்தான், கட்டுப்பாடு போயிடுச்சுன்னு நினைச்சு வெளியே குதிச்சிட்டார். விமானம் பாட்டுக்கு ஆளே இல்லாம 11 நிமிஷம் பறந்து போய் விழுந்துச்சு. மாற்றுக் கருவிகள் வேலை செஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு, அவர் நிலைமையைத் தப்பாக் கணிச்சுட்டார்னு விசாரணை சொல்லிச்சு. நாம வாங்குறதும் அதே பி வகை. அந்த 11 நிமிஷம் நம்ம தலைக்கு மேல நடந்திருந்தா? விழுந்த இடம் வீவக புளோக்கா, ஜொகூரா, பாத்தாமான்னு தேடிக்கிட்டு இருந்திருப்போம்.

நம்ம ஊர்லயே 2024 மே 8 நடந்தது ஞாபகம் இருக்கா? தெங்காவுல ஒரு எஃப்-16 கிளம்பின உடனே விழுந்துச்சு, பைலட் குதிச்சுத் தப்பிச்சார். காரணம் என்னன்னு தற்காப்பு அமைச்சு சொன்னப்ப ஆடிப் போயிட்டேன். விமானம் மூக்கைத் தூக்குதா இறக்குதான்னு அளக்குற மூணு கைரோஸ்கோப்புல ரெண்டு ஒரே நேரத்துல ஒரே மாதிரி தப்பாச் சொல்லிடுச்சு. ஒண்ணு மட்டும் உண்மை சொல்லிச்சு. கம்ப்யூட்டர் என்ன பண்ணிச்சு? பெரும்பான்மையை நம்பி உண்மை சொன்னதை ஒதுக்கிடுச்சு! கம்ப்யூட்டரும் இப்படி ஏமாறும். அந்த சில நொடியில முடிவெடுக்க வேண்டியது உள்ள இருக்கிறவன்தான். அவன் சரியா முடிவெடுத்தான், உயிரோட இருக்கான். பயிற்சிக்கு ஆன காசு என்னாச்சுன்னு கேக்குறவங்களுக்கு இதுதான் பதில்.

நாலாவது, சிமுலேட்டர். நான் சிமுலேட்டருக்கு எதிரி இல்லை. எஃப்-35 ஆரம்பப் பயிற்சியில கிட்டத்தட்ட பாதி அதுலதான் நடக்குது. அதுக்கு நியாயமும் இருக்கு. இந்த விமானத்தோட வித்தை பாதி ரகசிய மின்னணு வேலை, அதைத் திறந்த வானத்துல செஞ்சு காட்டினா ஊரே ஒட்டுக்கேக்கும். மூடின அறைக்குள்ள பழகுறதுதான் புத்திசாலித்தனம்.

ஆனா சிமுலேட்டர் உடம்பைப் பழக்காது. 2019 ஏப்ரல் 9 ராத்திரி ஜப்பான்ல மிசாவா பக்கம் ஒரு எஃப்-35ஏ கடல்ல விழுந்துச்சு. ஓட்டினவர் 41 வயசு மேஜர், 3,200 மணி நேரம் பறந்தவர். ஆனா எஃப்-35-ல வெறும் 60 மணி நேரம். எது மேல எது கீழன்னு புலன் தடுமாறிப் போயிருக்கணும்னு ஜப்பான் விமானப்படை முடிவுக்கு வந்துச்சு. நாற்காலியில உக்காந்து திரையைப் பாக்கிறவனுக்கு அந்தத் தடுமாற்றம் முழுசா வராது, வராததை எப்படிப் பழக முடியும்?

இன்னொண்ணு. 2020 மே மாசம் ஃபுளோரிடாவின் எக்லின் தளத்துல ராத்திரி தரையிறங்கின எஃப்-35ஏ நொறுங்கிச்சு. வேண்டியதை விட 50 நாட் அதிக வேகம். பைலட் களைச்சுப் போயிருந்தார், ஹெல்மெட் காட்சி கோணலா இருந்துச்சுன்னு பல காரணம். அதோட அறிக்கை சொன்ன முக்கியமான விஷயம்: அந்தச் சூழ்நிலையில நிஜ விமானம் எப்படி நடந்துக்குமோ அப்படி சிமுலேட்டர் நடந்துக்கலை. உலகத்துலயே பெரிய விமானப்படையோட சிமுலேட்டர் நிலைமையே இது. இப்ப சொல்லுங்க, "சிமுலேட்டர் போதாதா?"

அஞ்சாவது, இதுதான் எனக்கு முக்கியம். எண்ணிக்கைக் கணக்கு. 20 விமானம்னா 20 விமானம் சண்டைக்கு நிக்குதுன்னு அர்த்தம் இல்லை. அமெரிக்காவோட எஃப்-35 கூட்டமே 2023 மார்ச் நிலவரப்படி சுமார் 55 சதவீதம்தான் பறக்கத் தயாரா இருந்துச்சுன்னு அவங்க தணிக்கை அலுவலகமே எழுதிச்சு. அதே கணக்கு இங்க வந்தா 20-ல 11. அதுலயும் பயிற்சிக்குன்னு சிலதை வெளிநாட்டுல நிறுத்தணும். டென்மார்க் 2016-ல் 27 எடுக்க முடிவு பண்ணி, அதுல 6-ஐ பயிற்சிக்குன்னு அரிசோனாவுல நிறுத்திச்சு. நூத்துக்கணக்குல வச்சிருக்கிறவனுக்கு ஒரு பயிற்சி ஸ்குவாட்ரன் பெரிய விஷயமே இல்லை. 20 வச்சிருக்கிறவனுக்கு ஒவ்வொண்ணும் ஒரு பல் புடுங்குற மாதிரி.

விமானமாவது காசு கொடுத்தா வரும். வாத்தியார்? எஃப்-35 சொல்லிக்கொடுக்க, எஃப்-35-ல ஊறின ஆள் வேணும். அந்த ஆளை முன்வரிசையில இருந்துதான் உருவணும். நல்லவனா உருவினா முன்வரிசை பலவீனம், சுமாரானவனா உருவினா அடுத்த பத்து வருஷ பைலட்டுகள் பலவீனம். சின்ன விமானப்படையோட நிஜத் தலைவலி இதுதான். இதுக்கு மேல, நம்ம ஊர்ல பிள்ளை பிறப்பு விகிதம் 2023-லயும் 2024-லயும் 0.97. போர் விமானி வேலைக்கு தேசிய சேவைன்னு பிடிச்சுட்டு வந்து உக்கார வைக்க முடியாது, அவனா விரும்பிக் கையெழுத்துப் போட்டு வருஷக்கணக்குல இருக்கணும். வர்ற கூட்டமே சுருங்குது. வந்து தேறினவனை பயணிகள் விமானக் கம்பெனி கண்ணடிச்சுக் கூப்பிடும். இந்த நிலைமையில பயிற்சியில கை வைக்கச் சொல்றவங்க நாட்டுக்கு மிச்சம் பண்ணித் தர்றதா நினைச்சு விதைநெல்லை வறுத்துத் தின்னச் சொல்றாங்க.

காசு விஷயம் எனக்கும் உறைக்குது. 2025 நிதியாண்டுத் தற்காப்புச் செலவு 23.4 பில்லியன் வெள்ளி. 9 சதவீதப் பொருள் சேவை வரியை கோப்பி ஓவிலயும் கட்டுறவன் நான், கேள்வி கேக்க எனக்கும் உரிமை இருக்கு. ஆனா சரியான கேள்வியைக் கேக்கணும். "எதுக்கு வெளிநாடு?" இல்லை. "ஒரே வெளிநாடா?" அதைக் கேளுங்க.

எஃப்-35 பயிற்சிக்கு நம்ம ஆளுங்க போகப்போறது ஆர்கன்சாஸ்ல ஃபோர்ட் ஸ்மித் பக்கத்துல இருக்கிற எப்பிங் தளம். அங்க வரிசையில போலந்து, பின்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து எல்லாம் நிக்குது. விமானமும் அவங்களது, மென்பொருளும் அவங்களது, மைதானமும் அவங்களது. ஒரு நாள் அங்க ஆட்சியில இருக்கிறவருக்கு மூடு மாறினா? 1998-ல் பக்கத்து வீட்டுக்கு மாறின மாதிரி மாறாதுன்னு யாராவது எழுதிக் கொடுப்பாங்களா? அதனால பியர்ஸும் கஸோவும் எந்தக் காரணத்துக்காகவும் மூடப்படக் கூடாது. 2019-ல் ஒப்பந்தம் போட்ட குவாம் பயிற்சித் திட்டம் கிடப்புல போகக் கூடாது. முதல் 4 எஃப்-35பி 2026 கடைசியில கிடைக்கும்ங்கிறதுதான் திட்டம். அவை வர்றப்ப எல்லாரும் விமானத்தை போட்டோ எடுப்பாங்க. நீங்க அதுக்குச் சொல்லிக்கொடுக்க எத்தனை பேரை இப்பவே வளர்க்கிறாங்கன்னு உங்க தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைக் கேளுங்க. எண்ணிக்கை ரகசியம்னா சரி, பறக்கும் நேரத்தைக் குறைக்க மாட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்.

தலைப்புல இருக்கிற 4 லட்சம் அமெரிக்க டாலர் ஒரு எஃப்-35 ஹெல்மெட்டோட விலை. அதை வாங்க யாரும் கணக்குப் பாக்கலை. அதுக்குள்ள போற தலைக்கு மட்டும் ஏன்யா கணக்குப் பாக்குறீங்க?

டிஸ்கி: "ட்ரோன் காலத்துல பைலட்டே எதுக்கு"ன்னு பின்னூட்டம் போட விரல் துடிக்கிறவங்களுக்கு: கூடவே பறக்குற ட்ரோன்களையும் மேய்க்கிற வேலை இனி அதே பைலட் தலையிலதான் விழப்போகுது. பயிற்சி கூடுமே தவிர குறையாது. இதுக்கும் மேல சந்தேகம்னா வாங்க, பேசலாம்.