விலக்கே விதியாவதா?

மின்சாரக் கருவிகளில் ஈயம் கூடாதென ஐரோப்பிய யூனியன் செய்த விதி 2006 ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்தது. ஆனால் அவ்விதியுடன் ஒரு விலக்கும் பிறந்தது. அழுத்தினால் மின்சாரம் தருவதும், மின்விசை கொடுத்தால் அதிர்வதுமாகிய பீஸோ பீங்கானில் ஈயம் இருக்கலாம் என்பதே அது. கெடு முடியுந்தோறும் அவ்விலக்கு நீட்டிக்கப்பட்டே வந்திருக்கிறது. தக்க மாற்று வஸ்து இல்லை என்பது தொழிலதிபர்கள் கூறும் காரணம். எல்லா உபயோகங்களுக்கும் இக்காரணம் பொருந்துமா என்று நாம் கேட்கிறோம்.

இவ்வகைப் பீங்கான்களில் தலையாயது லெட் ஜிர்கோனேட் டைட்டனேட். அதன் எடையில் நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் ஈயம். சூளையில் சுடுங்கால் ஈய ஆக்ஸைடு ஆவியாகி வெளிப்படுகிறது. இவ்வளவு வரை ஈயத்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அறியப்படவில்லை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் தீர்ப்பு. சூளையருகே நிற்கும் தொழிலாளிக்கு இது அற்ப விஷயமன்று.

மாற்று வஸ்து வெறுங் கனவுமன்று. பிஸ்மத் ஸோடியம் டைட்டனேட்டை ஸோவியத் விஞ்ஞானி ஸ்மோலென்ஸ்கியும் அவர் கூட்டத்தாரும் 1960-லேயே உலகுக்கு அறிவித்தனர். 2004-ல் ஜப்பானிய டொயோட்டா ஆராய்ச்சிசாலையினர், பொட்டாஸியம் ஸோடியம் நியோபேட்டை ஆதாரமாகக் கொண்டு, ஈயப் பீங்கானுக்கு ஈடான ஒன்றை ஆக்கிக் காட்டினர்.

பற்களில் படிந்த காரையைப் பெயர்க்கும் கருவி, பிளாஸ்டிக்கை ஒட்டவைக்கும் யந்திரம், அழுக்குப் போக்கும் அல்ட்ராசோனிக் தொட்டி ஆகியவற்றைக் கவனிப்போம். இவற்றில் பீங்கான் வினாடிக்குச் சுமார் 20,000 தடவையும் அதற்கு மேலும் பலமாக அதிர வேண்டும். மெல்ல அதிரும்போது ஈயப் பீங்கான் முந்தி நிற்பது மெய்யே. அதிர்வின் வேகம் ஏற ஏற, உள்நஷ்டம் பெருகிச் சூடேறி அதன் திறன் குன்றுகிறது. பிஸ்மத் வகையோ பலத்த அதிர்விலும் தன் குணத்தை அவ்வளவாக இழப்பதில்லை என்று சோதனைகள் காட்டியுள்ளன. ஆகவே, கடின வேலைக்கு ஈயமே கதி என்னும் வாதம் நிற்காது.

மறுபக்கத்தையும் நாம் மறைக்கவில்லை. வெப்பம் மிஞ்சினால் பிஸ்மத் வகை, ஈயப் பீங்கானுக்கு முன்பே செயலிழக்கும். நியோபியத்தைத் தோண்டியெடுத்துச் சுத்தி செய்வதாலும் சுற்றுப்புறத்துக்குக் கேடுண்டென்று 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி எச்சரித்தது. உடலின் உட்புறத்தைப் படம் பிடிக்கும் நுட்பமான கருவிகளுக்கு இன்னும் அவகாசம் வேண்டுமாயின் தரலாம். அவற்றின் நிழலில் மற்றவையும் ஒதுங்கி நிற்பதே நியாயமன்று.

ஈயமில்லாப் பெட்ரோலால் மோட்டார் தொழிலே கெடுமென்று முன்பு சொன்னார்கள். உலகில் கடைசியாக அல்ஜீரியாவும் 2021-ல் ஈயப் பெட்ரோல் விற்பனையை நிறுத்தியது. மோட்டார்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆதலின் ஒவ்வோர் உபயோகத்தையும் தனித்தனியே சீர்தூக்கி, மாற்று தகுதி பெற்ற துறைகளுக்கு முடிவான கெடு விதிக்க வேண்டும். அத்துறைகளில் பலத்த அல்ட்ராசோனிக் கருவிகளே முதலாவதாக நிற்க வேண்டும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.