வன்தட்டின் ஆயுட்கணக்கும் சுவடிப் படிகளும்

வன்தட்டு உற்பத்தியாளர் தம் விவரத்தாள்களில், பழுதுறுவதற்கான சராசரிக் காலம் 10,00,000 மணிநேரம் எனக் குறிப்பதுண்டு. இது ஏறத்தாழ 114 ஆண்டுகள். ஆயின் ஒரு தட்டு அத்துணைக் காலம் உழைக்கும் என்பது இதன் பொருளன்று. இயங்கும் தட்டுகளுள் ஆண்டுக்கு 0.88 விழுக்காடு பழுதுறும் என்பதே பொருள். குறுகியகாலச் சோதனைகளிலிருந்து கணித்துப் பெறப்படும் இவ்வெண் நடைமுறையோடு பொருந்துவது அரிது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் ஏறத்தாழ 1,00,000 தட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை, ஓராண்டில் மாற்றப்பட்ட தட்டுகள் பொதுவாக 2 முதல் 4 விழுக்காடு என்றும், சில அமைப்புகளில் 13 விழுக்காடு வரை என்றும் காட்டியது. மாற்றப்பட்டவை யாவும் பழுதுற்றவை அல்ல என்னும் மறுப்பில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் படிப்பதற்கு இயலாத தட்டினை உடையவருக்கு அவ்வேறுபாடு பயன்படாது.

மேலும், சராசரி என்பது ஆயிரக்கணக்கான தட்டுகளை ஆள்வோர்க்கு உரியது. ஓலைச்சுவடிகளின் மின்படிகளை ஒரே தட்டில் சேமித்து அலமாரியில் வைத்துவிடும் துறைக்கு அது எவ்வுறுதியும் அளிப்பதில்லை. மின்னாக்கத் திட்டங்களில் ஒளிவருடிக்குத் தொகை ஒதுக்குவோர், வேறிடத்தில் வைக்கவேண்டிய இரண்டாம், மூன்றாம் படிகளுக்கும், சில ஆண்டுகளுக்கொருமுறை தட்டுகளை மாற்றுவதற்கும் திட்ட வரைவிலேயே தொகை ஒதுக்குதல் வேண்டும்.