இயந்திரங்களை எண்ணிப் பெருமைப்படலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்குப் புதிய இயந்திரங்கள் வழங்கப்பட்ட படத்தைச் சென்ற வாரம் உங்கள் ஏட்டில் பெரிதாக வெளியிட்டிருந்தீர்கள். மாலை, பொன்னாடை, பிரமுகர்களின் வரிசை. கொடுத்தவர்களின் நல்ல மனத்தைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இயந்திரங்கள் இல்லையென்றால் பலர் இன்று உயிரோடு இல்லை. ஆனால் அதைச் சமூகத்தின் சாதனை என்று எழுதியிருந்ததைப் படித்தபோது மனம் கொதித்தது. மலேசியாவில் 50,000க்கும் அதிகமானோர் டயாலிசிஸில் இருக்கிறார்கள். புதிதாகச் சேர்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இனிப்புநீரால் சிறுநீரகத்தை இழந்தவர்கள். காப்பாற்றியிருக்கக்கூடிய சிறுநீரகங்களைக் கைவிட்டுவிட்டு, அதன்பின் வாங்கும் இயந்திரத்துக்குப் பொன்னாடை எதற்கு?

2011இல் தீபகற்பத்தில் நடந்த ஆய்வு, பெரியவர்களில் சுமார் 9 விழுக்காட்டினருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பதாகக் கண்டது. 2018இல் அது 15 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. நோய் இருந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான் அது தெரிந்திருந்தது! மலேசிய இந்தியர்களின் நிலை இன்னும் மோசம்: 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இனிப்புநீர். சிறுநீரகம் கெடும்போது வலிக்காது. கால் வீங்கி மூச்சு வாங்கும்போது காலம் கடந்திருக்கும். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, சிறுநீரில் புரதம் கசிகிறதா என்ற பரிசோதனையும் ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையும் சொல்லிவிடும். சொன்னால் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இறுக்கிப் பிடிக்கலாம், மருந்தின் அளவை மாற்றலாம், மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்லலாம். வயதானால் சிறுநீரகம் தளரத்தானே செய்யும் என்கிறார்கள். தளரட்டும், புரதம் கசிவது முதுமையல்ல, நோய். தே தாரிக் குடித்தே கெடுத்துக்கொண்டார்கள் என்று பழிப்பவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. இலவசப் பரிசோதனைதான் உண்டே என்றால், உண்டு. 40 வயது கடந்த ஏழைகளுக்கு 2019 முதல் பெக்கா பி40 என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. ஆனால் பரிசோதனை முடிவைத் தமிழில் விளக்கி, ஆறு மாதத்தில் திரும்ப அழைத்துப் பார்க்க ஆள் வேண்டாமா? ஒரு தாளை நீட்டி அனுப்பிவிட்டால் அது சிகிச்சையாகிவிடுமா?

அடுத்தது 60 வயது என்ற கோடு. பணியில் இருக்கும்போது சிறுநீரகம் செயலிழந்தால், நிபந்தனைகள் பொருந்தினால், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ டயாலிசிஸ் செலவை ஏற்கிறது. 60ஐத் தாண்டிய பின் செயலிழந்தால் அதன் இயலாமைத் திட்டத்தில் இடமில்லை. சந்தா நின்றால் காப்பும் நிற்கும், அதுதான் காப்புறுதி முறை என்பார்கள் அதிகாரிகள். 63 வயதில் ஓய்ந்த சிறுநீரகம் 63இலா கெடத் தொடங்கியது? தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் மாதாமாதம் சந்தா கட்டிய நாற்பதுகளில், ஐம்பதுகளில்தான் அது மெல்ல அரிக்கப்பட்டது. அரசுப் பென்ஷனும் இல்லாத அந்த முதியவர், வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், ஆண்டுக்கு 156 தடவை ஓர் அறநிறுவனத்தின் தயவில் படுத்திருக்க வேண்டியிருக்கிறது. அழைத்துப்போகும் மகளின் வேலையும் போகிறது. பணமில்லை என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். 2019இல் லிட்டருக்கு 40 காசாகத் தொடங்கிய இனிப்புப் பானவரி 2025இல் 90 காசாகியிருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கை 60 வயது கடந்தோரின் பரிசோதனைக்கும் தொடர்சிகிச்சைக்கும் சுகாதார அமைச்சு ஒதுக்கட்டும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எந்தத் தலைவராவது இயந்திரத்தின் அருகில் நின்ற படத்தைக் கொண்டுவந்தால், அவர் தொகுதியில் எத்தனை முதியவர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை நடந்தது, அவர்களில் எத்தனை பேர் திரும்ப அழைக்கப்பட்டார்கள் என்று கேளுங்கள். பதிலைப் படத்தின் கீழேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், பிரிக்பீல்ட்ஸ்